மாசி மகத்தில் கன்னியம்மா

மாசிப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்து மணலில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து இருளர் பழங்குடி மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருப்பார்கள். நாலு கம்பு நட்டுச் சேலையைச் சுற்றிக் கட்டினால் ராத்தங்க இடம் ஆயிற்று. உள்ளே அடுப்பு, சட்டி, தூங்கும் பிள்ளைகள்.

அவர்கள் தெய்வம் கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம். சமாதானம் சொல்லி அழைத்துப்போகத்தான் வருஷா வருஷம் இந்தக் கூட்டம். சாமியிடம் இவ்வளவு உரிமையோடு பேசுகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விடியும் முன்பே அலையோரம் ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டினார்கள். மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், பழம், கற்பூரம். ஐயரும் இல்லை, உண்டியலும் இல்லை.

"பாட்டி, அலை அடிச்சிட்டுப் போயிடாதா?"

"அவ எடுத்துக்கத்தானே தம்பி கட்டுறோம்" என்றவர், கையை நிறுத்தவேயில்லை.

சற்று நேரத்தில் ஒரு அம்மாவுக்கு அருள் வந்தது. சுற்றி நின்றவர்கள் குறி கேட்டார்கள். நானும் கும்பிட்டுக்கொண்டேன். வெளிச்சம் வந்ததும் அதே மணலில் தாலி கட்டு. கொஞ்சம் தள்ளி மொட்டை, காதுகுத்து. அடுத்த வருஷக் கல்யாணங்களுக்கான பேச்சும் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஏரிக்கரை, வரப்பு, புதர்க்காடு என்று எந்த வளையில் எலி, எதில் பாம்பு என்பது இவர்களுக்கு அத்துப்படி. நல்ல பாம்பிலும் கன்னியம்மாவைக் காண்கிறார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு, இவர்கள் பாம்பு பிடித்துக் கொடுத்துவந்த பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வடநெம்மேலியில் இருக்கிறது. விஷத்தை எடுத்துக்கொண்டு பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. 2023இல் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படியும் குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா கேட்டு அலைகிற இருளர் குடும்பங்கள் இன்னும் ஏராளம். இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

போவதானால் முதல்நாள் ராத்திரியே போய்விடுங்கள்; விடிந்தபின் போனால் படிகளை அலை கொண்டுபோயிருக்கும். சேலைத் தடுப்புக்குள் மட்டும் கேமராவை நீட்டாதீர்கள், உள்ளே குடும்பம் இருக்கிறது.