மூன்று சென்டில் ஒரு வீடு: மானியம் கைக்கு வருவதற்குள் பட்ட பாடு

அம்மாவின் வங்கிக் கணக்கில் வீட்டு மானியத்தின் முதல் தவணை ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது. பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், சொந்த நிலத்தில் நாமே கட்டிக்கொள்ளும் பிரிவு இது. மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு 1 லட்சம், மொத்தம் 2.5 லட்சம் ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கும் நமக்கென்று உறுதியான வீடு இருக்கக் கூடாது, கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பலன் பெற்றிருக்கக் கூடாது என்பதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். இணையத்தில் விண்ணப்பம் போட்டதில் ஒரு சிரமமும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. குமரி மாவட்டத்தில் பழைய குடும்ப நிலத்தில் குடியிருக்கும் யாருக்காவது உதவும்.

முதல் அலைச்சல், நாங்கள் நகரமா கிராமமா என்பதில். எங்கள் வீட்டைச் சுற்றித் தென்னையும் வாழையும் மரச்சீனியும்தான். பார்க்கிற யாரும் கிராமம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இருப்பது பேரூராட்சி எல்லைக்குள். பக்கத்து ஊராட்சியில், கிராமங்களுக்கான கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் வாங்கி ஒருவர் வீடு கட்டினார். எங்கள் வார்டில் விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒரு அண்ணன், அதையே நீங்களும் எழுதிக் கொடுங்கள் என்றார். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனுவை வாங்கி முத்திரையும் குத்தினார்கள். பல வாரம் கழித்து விசாரிக்கப் போனபோதுதான், "நீங்க பேரூராட்சியாக்கும், இங்க தந்து ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார் அங்கிருந்தவர். முகவரியில் பேரூராட்சியின் பெயர் தெளிவாக எழுதியிருந்தது. வாங்கிய அன்றே அதைப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஒரு வயதான அம்மா மறுபடி பஸ் ஏறி வந்திருக்க வேண்டாம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நம் மாவட்டத்தில் இது நிறையப் பேருக்கு நடக்கும். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்துக்காரர்கள். வயலும் தோப்புமாக இருக்கும் ஊர்கூடப் பேரூராட்சியாக இருக்கும். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று அச்சிட்டிருந்தால் நகர்ப்புறத் திட்டம்தான். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 2021-ல் பெயர் மாறியும் ஊரில் இன்னும் குடிசை மாற்று வாரியம் என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, இடம் தெரிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். அடுத்த சோதனை பட்டா. மூன்று சென்ட் நிலம், தாத்தா பெயரில், அதுவும் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்த கூட்டுப் பட்டாவில். தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மானியம் வேண்டுமென்றால் நிலம் விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். கைவசம் இருந்த ஒரே மூலப்பத்திரம் தாத்தா வாங்கிய ஆதாரம் (எங்கள் ஊரில் நிலப் பத்திரத்துக்கு ஆதாரம் என்றுதான் பெயர், ஆதார் அட்டை அல்ல). திருவிதாங்கூர் காலத்தது, முழுக்க மலையாளத்தில். தேதி 1118 மகரம். பட்டா மாற்றத்துக்குப் போட்ட மனு, "ஆவணத்தின் ஆண்டு தெளிவாக இல்லை" என்று ஒரு வரியோடு திரும்பி வந்தது. நேரில் போய்க் கேட்டால், "ஆயிரத்து நூத்தி பதினெட்டுன்னா யாரும்மா நம்புவா? தமிழ்ல எழுதிக் கொண்டு வாங்க" என்றார் எழுத்தர். 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. இங்குள்ள பழைய ஆதாரங்கள் எல்லாமே மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில்தான் இருக்கும். அதை இந்த மாவட்டத்து அலுவலகத்திலேயே ஒருவருக்கு விளக்க வேண்டி வந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

காப்பாற்றியவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான ஆதாரம் எழுத்தர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மளமளவென்று வாசித்தார். "மக்களே, இது கொல்ல வருஷமாக்கும். ஆவணி தொடங்கி டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரியில இருந்து 825. மகரம்னா தை, அப்போ 1943" என்றார். தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கேட்ட கூலியும் நியாயமானதுதான். இப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். வீட்டில் மலையாள ஆதாரம் இருந்தால், மானியம் வருகிறதோ இல்லையோ, இப்போதே தமிழில் எழுதி வாங்கி வையுங்கள்.

அதோடு முடியவில்லை. ஆதாரத்தில் இருப்பது பழைய சர்வே எண், பட்டாவில் இருப்பது மறு அளவையில் தந்த ரீசர்வே எண். இரண்டும் ஒரே நிலம் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். பழைய எண்ணுக்கு எந்தப் புதிய எண் என்று காட்டும் பதிவேடு இருக்கிறது, அதன் நகலைக் கேளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தவரும் அந்த ஆதாரம் எழுத்தர்தான். கேட்டதற்கு அப்படி ஒரு பதிவேடே இல்லை என்றார்கள். இல்லை என்பதை எழுதித் தாருங்கள் என்று அம்மா அமைதியாகக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அலமாரியிலிருந்து பதிவேடு இறங்கி வந்தது. அம்மா அன்றைக்கு அப்படிக் கேட்டதில் எனக்கு இப்போதும் பெருமை.

வாரிசுச் சான்றிதழில் கிராம நிர்வாக அலுவலர் நன்றாக ஒத்துழைத்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தைமார் இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை மனமுவந்து எழுதித் தர வந்தார்கள். மூத்த அத்தை நெய்யாற்றின்கரையில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய ஆதாரில் வீட்டுப்பெயரோடு சேர்த்துப் பெயர் இருக்கிறது, வாரிசுச் சான்றிதழில் தாத்தாவின் இனிஷியல் மட்டும். பதிவுக்கு என்று நாள் குறித்து, அத்தை அதிகாலையில் ரயிலேறி வந்து, இந்த வித்தியாசத்தால் அன்று பதிவு நடக்காமல் போய்விட்டது. இரண்டு பெயரும் ஒருவரே என்று சான்று வாங்கி மறுபடி வந்தார். கேரளத்தில் பெண் கொடுத்த வீடுகள் இதைத் தவறாமல் கவனியுங்கள். பத்திரம் எழுதும் முன்பே எல்லோருடைய ஆதாரையும் வாரிசுச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். செலவு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம்தான். சர்வேயர் வந்து அளந்தார், உட்பிரிவு ஆனது, அம்மா பெயரில் தனிப் பட்டா வந்தது. வீடு குடும்பத்தலைவி பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும் என்பது திட்ட விதி. அதனால் என் அண்ணன் பெயருக்கு மாற்றலாமே என்று சிலர் சொன்னதைக் கேட்காதது நல்லதாகப் போயிற்று.

இதற்கு நடுவே ஒருவர் வீடு தேடி வந்தார். பட்டியலில் பெயர் வர வைக்கிறேன், முதல் தவணையில் ஒரு பங்கு போதும் என்றார். கொடுக்காதீர்கள். நாங்கள் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை, பெயர் வந்தது.

வேலை உத்தரவு கிடைத்ததும் அடித்தளத்துக்கு வானம் தோண்டினோம். பணம் முன்கூட்டி வராது. அடித்தளம் முடித்து, அதைப் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகுதான் முதல் தவணை. அதுவரை கைப்பணம்தான். அம்மா வளையலைக் கூட்டுறவு வங்கியில் பணயம் வைத்தார், மகளிர் குழுவிலும் கொஞ்சம் கடன். கொத்தனார், இன்னொரு அறையும் சேர்த்து இழுத்துவிடலாம் என்று பலமுறை சொன்னார். இழுக்காதீர்கள். சுவருக்கு உள்ளே அளக்கும் பரப்பு 30 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 45-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். 45 என்றால் ஏறத்தாழ 484 சதுர அடி. அதைத் தாண்டினால் கட்டிய வீடே மானியத்துக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

படம் எடுக்கும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தொடங்கும் முன், அடித்தளம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் குறுக்கு விட்டம்), கூரை, முடிவு என்று கட்டம் கட்டமாக, எடுத்த இடமும் பதிவாகும்படி படம் எடுக்கிறார்கள். ஒரு கட்டத்தின் படம் பதிவாகாமல் அடுத்ததற்குப் போய்விட்டால் பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. அடித்தளத்துக்கு மேல் இரண்டு வரி கல் வைத்துவிடலாம் என்று ஆட்கள் நின்றபோது, பொறியாளர் வந்து படம் எடுக்கும் வரை கூடாது என்று நிறுத்தி வைத்தோம். ஒரு நாள் கூலி போனது, ஆனால் போனதில் வருத்தமில்லை.

படமெல்லாம் ஏறியும் பணம் வரவில்லை. அனுப்பிய பணம் திரும்பிவிட்டது என்றார்கள். வங்கிக் கிளையில் கேட்டால், "ஆதார் லிங்க் ஆயிருக்கு, எங்க பக்கம் ஒண்ணும் இல்ல" என்ற ஒரே பதில். ஒவ்வொரு முறையும் வேறு கவுன்டருக்கு அனுப்பினார்கள். அம்மாவை நிற்க வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்களும் உண்டு. கடைசியில் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு இளம் அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார். அம்மாவுடையது முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) இல்லாமல் ஜன் தன் காலத்தில் திறந்த சிறு கணக்கு. அதில் ஆண்டு முழுக்க வரும் வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்த ஆண்டு வந்த மாத உதவித்தொகையோடு தவணையும் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும், அதனால் பணத்தைக் கணக்கு ஏற்கவில்லை. கைரேகை, புகைப்படம், ஒரு படிவம், அன்றே சாதாரணக் கணக்காக மாற்றித் தந்தார்.

விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் இரண்டு கேள்வி கேளுங்கள். இது சிறு கணக்கா, முழுக் கணக்கா? மானியம் வரும்படி ஆதார் இந்தக் கணக்கோடுதான் சீட் ஆகியிருக்கிறதா? லிங்க் ஆவது வேறு, அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று ஆதாரோடு பதியும் சீடிங் வேறு. இரண்டு மூன்று வங்கியில் கணக்கு இருந்தாலும் சீடிங் ஒன்றில்தான் இருக்கும். ஆதார் இணையதளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்று போட்டால் எந்த வங்கி என்று காட்டும். வங்கிக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் அதைப் பாருங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கியில் தென்னை விழுந்து ஓடு உடைந்ததிலிருந்து தார்ப்பாய்க்குக் கீழேதான் அம்மா படுக்கிறார். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. இரண்டுக்கும் நடுவில் கூரை வார்த்துவிட வேண்டும் என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். சுவர் லிண்டல் மட்டத்தை நெருங்கிவிட்டது, இந்தப் படத்துக்கும் வரச் சொல்லிப் பொறியாளரிடம் பேசியாயிற்று, கம்பிக்கு முன்பணமும் கொடுத்துவிட்டோம்.