வெற்று மாத்திரைக்கும் ஏறும் மதிப்பெண்

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைகளின் கவனமும் நினைவாற்றலும் கூடுமா என்று பார்க்கும் ஆய்வுகளில் சோதனை நடத்துவது என் வேலை. மாத்திரை தொடங்கும் முன் ஒரு சோதனை, சில மாதம் கழித்து இன்னொன்று. இரண்டாம் முறை அநேகமாக எல்லோருக்கும் மதிப்பெண் ஏறியிருக்கும். ஆசிரியர்களுக்குச் சந்தோஷம். ஒப்பிடுவதற்காக இரும்புச்சத்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் ஏறியிருப்பதைச் சொன்னால் அந்தச் சந்தோஷம் வடிந்துவிடும்.

1938-இல் வந்த ரேவன் படப்புதிரில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை ‘இந்த அக்கா என்னதான் கேட்கிறார்’ என்று புரிந்துகொள்வதற்கே பிள்ளைக்குப் பாதி நேரம் போய்விடும். அடுத்த தடவை அந்தக் குழப்பம் இருக்காது. 15 சொற்களை வாசித்துத் திரும்பச் சொல்லச் சொல்லும் ரே சோதனையில் அதே பட்டியல் வந்தால் சில சொற்கள் ஏற்கெனவே மனதில் இருக்கும். போதாக்குறைக்கு, அறையைவிட்டு வெளியே வந்த பையன் மரத்தடியில் காத்திருப்பவர்களிடம் பட்டியலை ஒப்பித்துக்கொண்டிருப்பான்! எண்களைத் தலைகீழாகச் சொல்லும் சோதனையில் எண்களை மாற்றிவிடலாம். ஆனால் பிள்ளை கண்டுபிடித்துவைத்த உத்தியை என்ன செய்வது?

அதனால்தான் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ‘முன், பின்’ மட்டும் காட்டும் ஆய்வுகளை நான் நம்புவதில்லை. கோகோ சாறும் மல்டிவைட்டமினும் மூளைக்கு உதவுமா என்று பார்த்த அமெரிக்காவின் காஸ்மாஸ்-மைண்ட் ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,262 பேரை ஆண்டுதோறும் தொலைபேசியிலேயே சோதித்தார்கள். அங்கேயும் வெற்று மாத்திரைக் குழுவோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வந்தார்கள்.

பெரும்பாலும் பெரிய ஏற்றம் முதல் சோதனைக்கும் இரண்டாவதற்கும் நடுவில்தான் வரும். ஆகவே கணக்கில் சேராத ஒத்திகை ஒன்றை முதலில் வைத்துவிடுவது நல்லது. இரண்டாம் முறைக்கு வேறு சொற்கள் கொண்ட இணைப் பட்டியலும் தயாரிக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே அளவு கடினமாக அமைவது அபூர்வம். சரிபாதிப் பிள்ளைகளுக்கு வரிசையை மாற்றிக் கொடுத்துச் சமாளிக்கிறோம்.

எனக்கு நெருடுவது வேறு. பழக்கத்தால் வரும் ஏற்றம் இரு குழுவுக்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு கழித்துவிடுகிறோம். ரத்தசோகை சரியான பிள்ளை ஒரே ஒத்திகையிலிருந்து அதிகம் கற்றுக்கொண்டால்? அப்போது அந்த ஏற்றத்திலேயே மாத்திரைக்கும் ஒரு பங்கு இருக்குமே. புள்ளியியல்காரர்களுக்கு அது ஒதுக்கிவிட வேண்டிய வெறும் இரைச்சல். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதனால் ஒத்திகைத் தாள்களை யாரும் தூக்கிப்போட விடுவதில்லை. அவற்றையும் எண் போட்டுக் கணினியில் ஏற்றச் சொல்கிறேன். கூடுதல் வேலை என்று குழுவில் முணுமுணுப்பு உண்டு.