இறக்கைக்குள் ஒரு டேங்க்

வீட்டில் கட்டும் சிறிய விமானங்கள் பலவற்றில் எரிபொருளுக்கென்று தனியாக ஒரு டப்பா கிடையாது. இறக்கையின் முன்பகுதியே டேங்க். அலுமினியத் தகடு, உள்ளே வரிசையாக ரிப்கள் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடுகள்), பின்னால் ஒரு தடுப்புத் தகடு, எல்லாவற்றையும் ரிவெட் அடித்துச் சேர்த்து, சேரும் இடமெல்லாம் பாலிசல்ஃபைடு சீலண்ட், அதாவது காய்ந்தால் ரப்பர் மாதிரி ஆகிக் கசிவை அடைக்கும் பசை. அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான ரிவெட் ஓட்டைகள், அத்தனையும் கசிய வாய்ப்புள்ள இடங்கள்.

இந்த வேலை என்றாலே சீலண்டின் பிசுபிசுப்பைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். பொய்யில்லை, கையுறை போட்டிருந்தாலும் அது எப்படியோ முழங்கை வரை வந்துவிடும், நாற்றம் வேறு. ஆனால் என்னைக் கேட்டால், டேங்க் கசியுமா கசியாதா என்பது சீலண்டைக் கலப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஒட்டும் இடத்தை ஸ்காட்ச்-பிரைட் என்ற சொரசொரப்பான தேய்ப்பு நாரால் பளபளப்புப் போகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் எம்.இ.கே. என்ற கரைப்பான் போட்டு, துணியில் கறுப்பு வராத வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். கரைப்பானைத் தானாகக் காய விட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே திரும்பப் படிந்துவிடும், அதனால் ஈரம் இருக்கும்போதே உலர்ந்த துணியால் எடுத்துவிடுவது நல்லது. அப்புறம் அந்த இடத்தில் வெறும் விரல் படவே கூடாது. சலிப்பான வேலைதான், அதனாலேயே பலர் இதில் அவசரப்படுகிறார்கள்.

கலப்பது எடைக் கணக்கில், பெரும்பாலும் பத்துக்கு ஒன்று. வெள்ளைப் பசையும் அதை இறுக வைக்கும் கறுப்பு முடுக்கியும் கோடு தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாகும் வரை கிளற வேண்டும். பி-2 என்ற சீலண்ட் வகையில் அந்த 2, பூசுவதற்குக் கிடைக்கும் மணி நேரத்தைக் குறிக்கிறது, அதுவும் 25 டிகிரியில். வெயில் ஏறினால் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் புத்திசாலித்தனம்.

பின் தடுப்பைப் பொருத்தும் நாள்தான் எனக்குப் பிடித்தது. தகட்டின் உட்புறம், ரிவெட் வரிசைக்குச் சற்று முன்னால் தடிமனாக ஒரு வரி சீலண்ட் இட்டு, தடுப்பை நேராக உள்ளே இறக்கினால் அது அந்தப் பசையைத் தள்ளிக்கொண்டே போய் உட்பக்கம் தானாகவே ஒரு கரை கட்டிவிடும். அதற்கப்புறம் உள்ளே பார்க்க முடியாது, ஆகவே மூலைகளில் மட்டும் தாராளமாகவே வைப்பேன், எடை கூடுகிறது என்று யார் சொன்னாலும் சரி.

காய்ந்த பிறகு கசிவுச் சோதனை. காற்றுப்போக்குக் குழாயில் ஒரு பலூனை மாட்டி மெதுவாகக் காற்றேற்றி, எல்லா ரிவெட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். கம்ப்ரசரை நேரடியாக மாட்டவே கூடாது, 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) என்றாலே ஒரு சதுர அடிக்கு 65 கிலோ விசை, தகடு பிதுங்கிவிடும். ராத்திரியில் பலூன் சுருங்கியிருந்தால் உடனே பதறாதீர்கள், குளிர்ந்தாலே சுருங்கும். முதலில் மூடியையும் வடிகால் வால்வையும் பாருங்கள், குமிழி பல சமயம் அங்கேதான் வருகிறது.