சுண்ணாம்பு தேடி வந்த நத்தை

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட்டுக்குப் போனது அத்தையைப் பார்க்கத்தான், ஆனால் அங்கே இருந்த மூன்று நாளும் நத்தைகளைப் பார்த்துக்கொண்டேதான் கழிந்தது. சிப்புட் என்றால் மலாய் மொழியில் நத்தை என்று பலருக்குத் தெரிந்திருக்கும். சுற்றிலும் இப்போது செம்பனைதான் அதிகம், ஆனால் அத்தை ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்து லயத்து வீடு இன்னும் இருக்கிறது, பின்பக்கச் சுவருக்கு அவர் இன்னும் சுண்ணாம்புதான் அடிக்கிறார்.

முதல் நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் அந்தச் சுவரில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் ஏழெட்டு, அவை போன தடமெல்லாம் சுண்ணாம்பு சுரண்டப்பட்டுக் கோடு கோடாக இருந்தது. “இதுங்க சுண்ணாம்புக்குத்தாம்மா வருதுங்க, எனக்கு வெத்தலைக்கு வேணுங்கற மாதிரி” என்றார் அத்தை. அவர் சொன்னது முழுக்கச் சரி. நத்தையின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். உடம்பைப் போர்த்தியிருக்கும் மேலுறைத் தோல் அதைச் சுரந்து ஓட்டின் வாய் விளிம்பில் சேர்த்துக்கொண்டே போகிறது, அதனால் ஓட்டின் கூர்முனைதான் அது குஞ்சாக இருந்தபோது கட்டிய பகுதி, வாய்ப்பக்கம் புதுசு. சுரண்டுவது நாக்கு மாதிரியான ஒரு பட்டை. அதில் ஆயிரக்கணக்கான பொடிப் பற்கள் அரம் போல வரிசையாக இருக்கும், முன்னால் தேயத் தேயப் பின்னாலிருந்து புதிய வரிசை வந்துகொண்டே இருக்கும்.

ஒன்று சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஏறியது. உள்ளேயிருந்து பார்த்தால் அதன் அடிப்பாதம் முழுக்கத் தெரிகிறது, வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கறுப்புப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன, அவை தசை அலைகள். எலும்பு ஒன்றுகூட இல்லை, தசையும் அதற்குள் அடைபட்ட திரவமும்தான் உடம்பைத் தாங்குகின்றன. வலப்பக்கம் ஓட்டு விளிம்பை ஒட்டி ஒரு சின்னத் துளை திறந்து திறந்து மூடியது, அது மூச்சுத்துளை. நீளமான இரண்டு கொம்புகளின் நுனியில் கண், கீழே உள்ள குட்டைக் கொம்புகள் மோப்பம் பிடிக்க. தே ஆறிப்போனது கூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

சுவரடியில் மரவட்டையும் இருந்தது. அதன் வளையம் வளையமான மேலோட்டிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு, ஆனால் அதற்கு எலும்புக்கூடே அந்த மேலோடுதான். பெரிதாக வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். நத்தைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஓரத்தில் கட்டிக்கொண்டே போகலாம். அட்டைக்கு ஓடு எதுவுமே கிடையாது, காலில் ஏறியதை அப்புறம்தான் கவனித்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆப்பிரிக்க நத்தையை வெறும் கையால் தொடாதீர்கள், மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். உப்பும் போடாதீர்கள், உடம்புத் தண்ணீரெல்லாம் வெளியே இழுக்கப்பட்டு அது துடித்துச் சாகும்.

திரும்பும்போது ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளை வேறு கண்ணோடு பார்த்தேன். அங்கே குனோங் ராப்பாட் என்ற குன்றில் கண்டெடுத்த ஒரு கடுகளவு நத்தையைப் பற்றி 2008-இல் எழுதினார்கள். மற்ற நத்தைகள் பொதுவாக ஒரே அச்சில் சுருள, இது நான்கு அச்சுகளில் முறுக்கிக்கொண்டு வளர்கிறது. அந்தக் குன்றுகளைத்தான் வெடி வைத்து உடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். பேருந்து போன வழியிலேயே, பாதி வெட்டுப்பட்டு வெள்ளையாக நின்ற ஒன்றைப் பார்த்தேன்.