ஸ்காட் ரோட்ல ஓவியமும் இருக்கு

ஸ்காட் ரோட்னு சொன்னா கோலாலம்பூர்ல இருக்குற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் கந்தசாமி கோயில் தான் ஞாபகம் வரும், திருவிழா நேரத்துல கார் நிறுத்த இடம் தேடி அந்த ரோட்ட சுத்தாதவங்க யாரு. அதே ரோட்ல வெய் லிங் கேலரின்னு ஒரு ஓவியக் கூடம் இருக்கு, 2002ல ஆரம்பிச்சது, பழைய கடைவீடு தான், நடுவுல தீப்பிடிச்சு எரிஞ்சு போயி கட்டிடக் கலைஞர் ஜிம்மி லிம் அத திரும்ப எழுப்பினாரு. கோயிலுக்கு வர்ற கூட்டத்துல நூத்துல ஒருத்தராவது அந்தக் கதவ தள்ளிப் பார்த்திருப்பாங்களான்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். படம் வாங்குற மாதிரி டிரஸ் பண்ணிட்டு போகணும்னு இல்ல.

நான் இத இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் ஜே. அனு. முழுப்பேரு அனுரேந்திரா ஜெகதேவா, 1965ல ஜொகூர் பாருல பிறந்தவரு, நம்ம தமிழரு, அந்த கேலரி வழியா தான் நிறைய கண்காட்சி செஞ்சிருக்காரு. அவரு படிச்சது சட்டம். அப்புறம் பத்திரிகையில எழுதினாரு, ஓவியக் கூடத்துல கண்காட்சிய தேர்ந்து அமைக்குற கியூரேட்டரா இருந்தாரு, ஆஸ்திரேலியா போயி மெல்பர்ன்ல குடும்பத்தோட இருந்தாரு. நம்ம வீட்ல இப்படி ஒரு புள்ள இருந்தா என்ன சொல்லுவோம், ஒரு இடத்துல நிலையா நிக்க மாட்டேங்குறான்னு தானே. ஆனா அவரு படத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா, இந்த மனுஷன் பத்திரிகையில எழுதாம இருந்திருந்தா இப்படி வரைஞ்சிருக்கவே மாட்டாருன்னு தோணும், ஏன்னா ஒவ்வொண்ணுலயும் ஆளு இருக்கு, கதை இருக்கு, நாட்டு நடப்பு இருக்கு, சாமி படமும் அரசியலும் ஒரே பலகையில இருக்கு. 2012லேருந்து 2014 வரைக்கும் மணவறைய வச்சே ஒரு பெரிய படைப்பு செஞ்சாரு, காதலும் இழப்பும் பெரிய விவாதங்களோட காலத்துலன்னு தலைப்பு போகும். நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணு உட்கார்ற இடம், அதுல கொண்டு போயி நாட்டோட சண்டை சச்சரவ எல்லாம் வைக்கலாம்னு ஒருத்தருக்கு தோணியிருக்கு பாருங்க, எனக்கு அது சாதாரண விஷயமா படல.

இந்த ஒரு விஷயத்த தான் நான் ஓவியர்கள் பத்தி படிக்கப் படிக்க திரும்ப திரும்ப பார்க்குறேன், நேரா வந்தவங்க யாருமே இல்ல, அவங்க சுத்தி வந்த வழி படத்துக்குள்ள வந்து நிக்குது.

நிர்மலா தத் சண்முகலிங்கம்னு ஒருத்தங்க இருந்தாங்க, 1941ல பினாங்குல பிறந்து 2016ல இறந்து போனாங்க. இவங்கள பத்தி நம்ம தமிழ்ப் பள்ளி பாடப் புத்தகத்துல ஒரு பக்கமாவது வரணும்னு நான் நெனைக்கிறேன். பொம்பளைங்க பூவும் பழமும் வரையுவாங்கன்னு எல்லாரும் நெனச்சிட்டு இருந்த காலம், இவங்க 1973ல டாமன்சாராவுல கொட்டிக் கிடந்த குப்பைய எடுத்து அதையே ஒரு படைப்பா கொண்டு வந்து வச்சாங்க. சுற்றுச்சூழல்ங்குற பேச்சே இந்த ஊருல அப்ப பெருசா கிடையாது. 1986ல அமெரிக்கா லிபியா மேல குண்டு போட்டப்ப அமெரிக்க அதிபர் ரீகனையும் பிரிட்டன் பிரதமர் தாட்சரையும் வாயாங் கூலிட் பொம்மையாட்டம் வரைஞ்சாங்க, நிழல் கூத்துல அரக்கர் வருவாங்கல்ல அந்த மாதிரி. நம்ம கிளந்தான் மாநிலத்து நிழல் கூத்துக்கும் லண்டன் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, அவங்க மலேசியாவுலயும் வெளிநாட்டுலயும் கத்துகிட்டு, பேப்பர தினமும் கோபத்தோட படிச்சவங்க, அது தான் சம்பந்தம்.

அப்புறம் சையது தாஜுதீன். 1943ல ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்துல பிறந்து பினாங்குல வளர்ந்தவரு, ஓவியம் படிக்க மெட்ராஸ் அரசு ஓவியக் கல்லூரிக்கு போனாரு. பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் மெட்ராசுக்கும் ரஜூலா கப்பல் ஓடிட்டு இருந்த காலம் அது, எங்க தாத்தா அந்தக் கப்பல் பத்தி சொல்லாத நாளே கிடையாது. தாஜுதீன் 1972ல ராமாயணத்துல அனுமன் சீதைய போயி பாக்குற கட்டத்த பெரிய படமா வரைஞ்சாரு, அது இப்ப நம்ம தேசிய ஓவியக் கூடத்தோட சேகரிப்புல இருக்கு. பினாங்கு முஸ்லிம் பையன் ஒருத்தரு மெட்ராஸ்ல உட்கார்ந்து அசோகவனத்த வரைஞ்சிருக்காரு, அந்த ஒரு படத்துக்குள்ள எத்தனை ஊரு எத்தனை வழி இருக்குன்னு யோசிச்சா எனக்கு நெஞ்சு நெறையுது.

இவங்க எல்லாம் பெரியவங்க, இப்ப இருக்குற பிள்ளைங்க எப்படின்னு கேக்கலாம். போன மாசம் ஒரு குரூப் ஷோவுக்கு எங்க அக்காவையும் அவ மகளையும் கூட்டிட்டு போயிருந்தேன், மக ஃபார்ம் ஃபைவ், அதாவது பதினோராம் வகுப்பு, ஓவியம் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குறா, அக்கா அக்கவுண்டிங் தான்னு நிக்குறா. அங்க ஒரு தம்பி படம் வச்சிருந்தான், பேரு வேணாம், பகல்ல செந்தூல்ல ஒரு பேனர் கடையில வேலை. கல்யாண பேனர், கோயில் திருவிழா பேனர், நினைவஞ்சலி பேனர். குடும்பத்துக்காரங்க போன்ல அனுப்புற போட்டோவுலேருந்து முகத்த மட்டும் வெட்டி எடுத்து பேனர்ல போடுறது தான் அவன் நாள் பூரா செய்யுற வேலை. அவன் வரைஞ்சது என்னன்னா, வெட்டி எடுத்ததுக்கு அப்புறம் மிச்சம் இருக்கும்ல, அது. நடுவுல ஆளு வடிவத்துல வெள்ளையா ஒரு ஓட்டை, சுத்தி சோபா, ஜன்னல் திரை, பிளாஸ்டிக் பூ ஜாடி, சுவத்துல காலண்டர், ஓரத்துல பாதி கை.

"முகத்த எடுத்துட்டா மிச்சம் இருக்குறது வீடு தான்கா, அத டிலீட் பண்ண எனக்கு மனசு வரல"ன்னான்.

அந்த வரிசையில எனக்கு புடிக்காததும் உண்டு, ஒண்ணு ரெண்டுல கலர் ரொம்ப கூடிப் போச்சு, வெள்ளைய வெள்ளையாவே விட்டிருக்கலாம். ஆனா ஒரு படத்துல திரைச்சீலையோட மடிப்ப அவன் வரைஞ்சிருந்த விதம், பொறுமை இல்லாதவன் கையில அது வராது. எப்படி செய்றன்னு கேட்டேன். கேன்வாஸ ரோலா வாங்கி கட்டைய தானே அடிச்சு இழுத்து கட்டுறான், மேல ஜெஸ்ஸோங்குற வெள்ளை அடிப்பூச்ச பூசி, காய விட்டு, மணல் தாள்ல தேய்ச்சு, திரும்ப பூசி, அதுக்கப்புறம் தான் பென்சிலே தொடுறான். ஆயில் பெயிண்ட் ஆசை இருக்கு, ஆனா நம்ம ஊரு ஈரத்துல அது காயவே நாள் கணக்கா ஆகும், வாடகை ரூம்ல டர்பன்டைன் வாசத்தோட தூங்கவும் முடியாது, அதனால அக்ரிலிக். முடிச்ச படத்த காத்து போகாத இடத்துல சுவத்தோட ஒட்டி வச்சா பூஞ்சை புடிச்சிடும்னு ஃபேன் போட்டே வச்சிருக்கானாம். படம் வித்தா பக்கத்துல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, காசுல கிட்டத்தட்ட பாதி வரைக்கும் கேலரிக்கு போயிரும், இது நிறைய எடத்துல உள்ள வழக்கம் தான், அவங்களும் வாடகை, லைட்டு, விளம்பரம்னு பார்க்கணும்.

அக்கா நேரா கேட்டுட்டா, "மாசம் எவ்ளோ வெள்ளி வரும் தம்பி?"

"நிலையா வராதுக்கா. கடை சம்பளத்துல தான் வாடகை, சாப்பாடு. படம் வித்தா அது அடுத்த கேன்வாசுக்கும் பெயிண்டுக்கும்"னு மறைக்காம சொன்னான். எனக்கு அது புடிச்சிருந்துச்சு, பிள்ளைக்கு முன்னாடி சினிமா கதை சொல்லாம உள்ளத சொன்னான்.

படிக்க எங்க போறதுன்னும் பேச்சு வந்துச்சு. இந்த நாட்டு ஓவியர்கள்ல பெரிய கூட்டம் ஷா ஆலம் யுஐடிஎம் பல்கலைக்கழகத்துலேருந்து வந்தவங்க, 1989ல மாத்தாஹாத்தின்னு குழு ஆரம்பிச்ச அஞ்சு பேரும் அங்க படிச்சவங்க தான், பிற்பாடு அவங்க ஹோம்னு ஒரு எடத்த உருவாக்கி இளைய ஓவியர்களுக்கு ஸ்டூடியோவும் நேரமும் குடுத்தாங்க, மத்தவங்களுக்கு கதவ திறந்து விட்ட அந்த மனசு பெருசு. ஆனா யுஐடிஎம், மலாய்க்காரங்க, பூர்வகுடிங்கன்னு பூமிபுத்ரா பிள்ளைங்களுக்கான இடம், நம்ம பிள்ளைங்களுக்கு அந்த வழி கிடையாது, கூட படிச்ச நாலு பேரு சேர்ந்து எழும்புற பலமும் அதனால நமக்கு குறைவு. எம்ஐஏ, டாசெயின்னு ஓவியக் கல்லூரிங்க இருக்கு, பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்துல கலைப்பள்ளி இருக்கு. படிச்சு முடிச்சு தேசிய ஓவியக் கூடத்தோட பாக்காட் மூடா செசாமான் போட்டிக்கு அனுப்பலாம், 1974லேருந்து இளைஞர்களுக்காகவே நடத்துற போட்டி அது.

அக்கா இன்னும் சரின்னு சொல்லல. ஆனா கார்ல வர்றப்ப அந்த ஜன்னல் திரைய பத்தி அவளா பேசினா, அவ டெய்லர், துணி மடிப்பு எப்படி விழும்னு அவளுக்குத் தெரியாததா. "அந்தப் பையன் மடிப்ப சரியா புடிச்சிருக்கான், ஓரம் அடிச்சது கூட தெரியுது"ன்னா. மக பின் சீட்ல போன பார்த்துகிட்டே கேட்டுட்டு இருந்தா.

இப்போதைக்கு அக்கவுண்டிங் ஃபார்மும் வீட்ல இருக்கு, ஓவியக் கல்லூரி ஃபார்மும் இருக்கு. போர்ட்ஃபோலியோ வேணும், அவகிட்ட இருக்குறது எல்லாம் கொரியன் பாட்டுக்காரங்க முகம், நல்லா தான் வரைஞ்சிருக்கா, ஆனா அத எல்லாப் பிள்ளைங்களும் கொண்டு வருவாங்க. "சின்னம்மா, பின்ன எத வரையுறது?"ன்னு கேட்டா. அம்மா தையல் மிஷின வரை, கீழ விழுந்து கிடக்குற பிளவுஸ் துண்டையும் சேர்த்து வரைன்னு சொல்லியிருக்கேன், வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து காட்டணும்.