கடிதம் வரும்வரை

பிப்ரவரி 9, திங்கள்
மாப்பிள்ளை கத்தோலிக்கர், பெண் லுத்தரன்; கல்யாணத்துக்கு ஆயரின் அனுமதிக் கடிதம் வரவேண்டும். பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழ் திரும்பி வந்துவிட்டது. பெண்ணின் லுத்தரன் சபைச் சீட்டில் பெயர், தேதி, கையொப்பம் எல்லாம் இருக்கிறது; என்ன சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்பது இல்லை. கத்தோலிக்கச் சட்டம் பார்ப்பது இரண்டைத்தான்: தண்ணீர் இருந்ததா, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரும் சொன்னார்களா. இருந்தால் அது செல்லும், மறுபடி கொடுக்கக் கூடாது. "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் கொடுக்கும் சபையாக இருந்தால் கதையே வேறு. அந்த ஞானஸ்நானம் செல்லாது; வெறும் அனுமதி போதாது, ஞானஸ்நானம் பெறாதவரை மணப்பதற்கான தடை நீக்கம் வாங்க வேண்டும். என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று போதகரிடம் இரண்டு வரி எழுதிக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 11
இரண்டு வரியும் வந்தது. போதகர் "ஞானஸ்நானம்" என்கிறார், நம் விண்ணப்பத்தில் "திருமுழுக்கு"; இரண்டும் ஒன்றுதான்.

பிப்ரவரி 13, வெள்ளி
கல்யாணத்தில் படிக்கும் வேத வாசகத்தில் முட்டிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தோபித்து 8 வேண்டும்: தோபியாவும் சாராவும் முதலிரவில் எழுந்து செபிக்கும் இடம். பெண்ணின் தாத்தா தம் கறுப்பு அட்டை வேதாகமத்தை விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். எஸ்றா, நெகேமியா, எஸ்தர், யோபு. "எங்கேம்மா இருக்கு?"

இல்லை. தோபித்து, யூதித்து, ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு: ஆக ஏழு புத்தகம் அவருடைய வேதாகமத்தில் கிடையாது. அதனால்தான் கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகம், அவருடையதில் 66. எஸ்தரிலும் தானியேலிலும் கத்தோலிக்கத்தில் கூடுதலாகச் சில பகுதிகள் தனி. "அவங்க சேர்த்துட்டாங்க", "இவங்க கிழிச்சுட்டாங்க" என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கப் பேச்சு, இரண்டுமே தப்பு. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இருந்தவை, எபிரேயத் தொகுப்பில் இல்லாதவை. பழைய திருச்சபை அறிஞர்களில் ஜெரோம் தயங்கினார், அகஸ்டின் ஏற்றார், 397-இல் கார்த்தேஜ் சங்கம் பட்டியலில் வைத்தது. கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1546 ஏப்ரல் 8 அன்று, மறுப்பவருக்குச் சபைவிலக்கு என்று சொல்லி முடித்துவிட்டது. லுத்தரன் சபைக்கு வித்திட்ட லூத்தரும் தூக்கி எறியவில்லை. 1534 ஜெர்மன் வேதாகமத்தில் இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் தனியாக அச்சிட்டார்: வேதத்துக்குச் சமமில்லை, ஆனால் வாசிக்க நல்லவை.

இதைக் கேட்டதும் தாத்தா புத்தகத்தை மூடினார். ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை.

பிப்ரவரி 17
சீனப் பெருநாள். எல்லாம் பூட்டு. கடிதம் இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி
திருப்பலியோடு கல்யாணமா, திருப்பலி இல்லாமலா? திருப்பலி என்றால் நற்கருணை நேரத்தில் அப்பம் வாங்கப் பாதிக் கோயில் எழுந்து போகும், பாதி உட்கார்ந்திருக்கும், மணப்பெண்ணும் சேர்த்து. "லுத்தரன்களுக்கு அப்பம் வெறும் அடையாளம்தானே" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா. எரிச்சலாக இருக்கிறது. அது சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லியின் கருத்து. 1529-இல் ஜெர்மனியின் மார்புர்கில் அவரோடு வாதாட உட்கார்ந்த லூத்தர், மேசைமேல் சுண்ணக்கட்டியால் "இது என் உடல்" என்று லத்தீனில் எழுதிவைத்து, கடைசிவரை அசையவில்லை. அப்பத்தில் உடல் உண்டு என்பதில் கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் சண்டை குறைவு. அப்பத்தின் பொருளே மாறுகிறதா, அது பலியா, முக்கியமாக அதை எழுந்தேற்றம் செய்பவரின், அதாவது அப்பத்தை அர்ப்பணிப்பவரின், குருத்துவம் செல்லுமா என்பதில்தான் சிக்கல். திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கிறது: யார் கொடுத்த அதிகாரம்?

திருப்பலி இல்லாமல், வேத வாசகமும் செபமும் மட்டும் உள்ள வார்த்தை வழிபாட்டோடு போதும் என்று எழுதியாகிவிட்டது.

பிப்ரவரி 24
யாரோ பெண்ணிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். தேவையில்லை! பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதெல்லாம் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது மாப்பிள்ளை மட்டும். பெண்ணுக்கு அதைத் தெரிவித்தால் போதும். 1917 திருச்சபைச் சட்டத்தில் இருவருமே கொடுக்க வேண்டும், 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மாற்றினார். தாத்தாவின் பயம் பழைய சட்டத்தின் பயம்.

மார்ச் 2, திங்கள்
ஞாயிறு லுத்தரன் கோயிலில் இன்னொரு தரம் சம்மதம் கேட்கலாமா? கூடாது. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு சம்மதம் இல்லை. குருவும் போதகரும் ஒரே சடங்கில் ஆளுக்கு ஒரு தடவை கேட்பதும் கூடாது. போதகர் வாசிக்கலாம், செபிக்கலாம், ஆசீர் கூறலாம். லுத்தரன் கோயிலில்தான் வேண்டுமென்றால் கத்தோலிக்கத் திருமண முறையிலிருந்து ஆயரிடம் தனி விலக்கு கேட்டிருக்க வேண்டும். அரசுப் பதிவிலாகாவின் 21 நாள் அறிவிப்பு இதிலிருந்து தனி.

மார்ச் 3
இல்லை.

மார்ச் 5, வியாழன்
தொடக்கநூல் 1 இரண்டு வேதாகமத்திலும் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. தாத்தாவே வேண்டாம் என்றார். தோபித்து எட்டாம் அதிகாரத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தரச் சொல்கிறார், படித்துப் பார்க்க. பதினான்கு அதிகாரத்தையும் எடுத்தாகிவிட்டது.

கடிதம் இன்னும்