அழியப்போவதை முதலில் எழுதுங்கள்

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிப்புப் பதிப்பாகச் சேமித்துவைக்கும் 'கிட்' (Git) கருவியின் கையேடு ஒன்றைத் திருத்தக் கொடுத்தால் பலர் எழுத்துப்பிழையில் தொடங்கி நடையோடு முடித்துவிடுவார்கள். ஆனால் படிக்கிறவரைக் கவிழ்க்கும் வசனங்கள் பெரும்பாலும் இலக்கணச் சுத்தமானவை. "இந்தக் கட்டளை கோப்பை முந்தைய நிலைக்குக் கொண்டுவரும்" என்பதில் ஒரு பிழையும் இல்லை. எந்த முந்தைய நிலை என்பதுதான் இல்லை.

திருகோணமலையில் இது கூடுதலாக உறைக்கும். உவர்மலையிலோ நிலாவெளியிலோ வீட்டில் இருந்துகொண்டு கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை செய்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்து மேசையில் கேட்க ஆளில்லை. கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் மிஞ்சுவது லப்டொப்பிலேயே கிடக்கும் 'கிட் ஹெல்ப்' பக்கமும் அலுவலகம் தமிழில் எழுதிவைத்த குறிப்பும்தான். லைன் திரும்பியதும் வாட்ஸ்அப்பில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, போனது திரும்ப வருமோ?" குறிப்பு அதற்கு முன்கூட்டியே விடை சொல்லியிருக்க வேண்டும்.

மேலே சொன்ன வசனத்தையே எடுப்போம். 'கிட் ரீஸ்டோர்' என்று கோப்புப் பெயரை மட்டும் கொடுத்தால், அது கடைசிக் கொமிட்டை, அதாவது கடைசியாகப் பதிந்துவைத்த நிலையைப் பார்ப்பதில்லை; இன்டெக்ஸில், அதாவது அடுத்த கொமிட்டுக்காக 'கிட் ஆட்' செய்துவைத்த இடத்தில் உள்ள பிரதியை எடுக்கும். காலையில் ஆட் செய்துவிட்டு மத்தியானம் வரை திருத்தியவருக்குக் காலைப் பிரதி கிடைக்கும், நேற்றைய கொமிட் கிடைக்காது. கொமிட்டில் உள்ளது வேண்டுமென்றால் '--சோர்ஸ்=ஹெட்' சேர்க்க வேண்டும் (ஹெட் என்பது நீங்கள் இப்போது நிற்கும் கடைசிக் கொமிட்). '--ஸ்டேஜ்ட்' சேர்த்தாலோ இன்டெக்ஸ் மட்டும் ஹெட்டுக்குத் திரும்பும், வேலைக்கோப்பில் கை படாது. ஆகவே வசனத்தை இப்படி மாற்றலாம்: "வேலைக்கோப்பில் நீங்கள் ஆட் செய்யாத மாற்றங்கள் அழியும், அவற்றைக் கிட்டால் மீட்க முடியாது. அந்த இடத்தில் இன்டெக்ஸ் பிரதி வரும்." நீளம் கூடிவிட்டது, கூடட்டும். அழிவைச் சொல்லும் பகுதி முன்னால் வருவதுதான் முக்கியம். கட்டளையைக் கொப்பி பண்ணியவர் அடுத்த வரியை வாசிப்பதில்லை.

கிளையையும் இன்டெக்ஸையும் வேலைக்கோப்புகளையும் ஒரேயடியாக ஒரு கொமிட்டுக்குத் திருப்பும் 'கிட் ரீசெட் --ஹார்ட்' பற்றி எழுதும்போது "ஆபத்தானது, கவனம்" என்று மட்டும் எழுதினால் பயம்தான் மிஞ்சும். எது மீளும், எது மீளாது என்று பிரித்துக் காட்டவேண்டும். கொமிட் செய்தது ரிஃப்லொக்கில், அதாவது ஹெட்டும் கிளைகளும் எங்கெங்கே நின்றன என்று கிட் எழுதிவைக்கும் பதிவேட்டில் இருக்கும். எந்தக் கிளையிலிருந்தும் (தனியாக வளரும் கொமிட் வரிசையிலிருந்தும்) எட்டமுடியாமல் போன கொமிட்டுகளின் பதிவு, அமைப்பை மாற்றாவிட்டால், 30 நாள் நிற்கும். ஆட் மட்டும் செய்ததை 'கிட் எஃப்எஸ்சிகே --லொஸ்ட்-ஃபவுண்ட்' தோண்டித் தரலாம், ஆனால் கோப்புப் பெயர் இல்லாமல். இரண்டு வாரம் கழிந்த பிறகு துப்புரவில் அதுவும் போகலாம். இரண்டும் செய்யாதது போனது போனதுதான். ரிஃப்லொக் அந்தக் கணினியிலேயே கிடப்பது, களஞ்சியத்தைக் குளோன் செய்து பிரதியெடுத்தால் கூட வராது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கவேண்டும். வேறு லப்டொப்பில் குளோன் செய்து தேடி அலுத்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கிளையின் கொமிட்டுகளை முதன்மைக் கிளையான மெயின்மேல் மாற்றிவைக்கும் ரீபேஸைச் செய்யும்போது, ஒரே வரியை இரு பக்கமும் மாற்றி மோதல் வந்தால், 'அவர்ஸ்' (எங்களுடையது), 'தெயர்ஸ்' (அவர்களுடையது) இரண்டும் இடம் மாறி நிற்கும். ரீபேஸ் முதலில் மெயின் கிளையில் போய் நின்றுகொண்டு, உங்கள் கொமிட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றுகிறது. அதனால் 'அவர்ஸ்' என்பது மெயின். நீங்கள் எழுதியது 'தெயர்ஸ்'. "உங்கள் பக்கம்", "மற்றவர் பக்கம்" என்று எழுதிய குறிப்பு இங்கே நேர்மாறாக வழிகாட்டும். கிளையின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்: "மேற்பகுதி மெயினில் உள்ளது, கீழ்ப்பகுதி உங்கள் 'கட்டணம்' கிளையில் உள்ளது."

குறிப்பு கைமாறும் வழியிலும் கெட்டுப்போகும். வேர்டில் எழுதினால் இரட்டைக் கோடு ஒற்றை நீளக்கோடாகிவிடும். அதை ஒட்டினால் அப்படியொரு கொமிட்டோ கோப்போ இல்லை என்று கிட் மறுக்கும். வாட்ஸ்அப்பில் இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் அகப்பட்டது தடித்த எழுத்தாகி, குறிகள் மறையும். கோணக் குறிக்குள் 'கோப்பு' என்று போட்டால் புதியவர் குறியோடு தட்டுவார்; கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் அதை உள்ளீட்டுத் திசைமாற்றமாக (கோப்பிலிருந்து உள்ளீடு எடுக்கச் சொல்வதாக) எடுத்துக்கொண்டு தொடரமைப்புப் பிழை என்று நின்றுவிடும். உண்மையான கோப்புப் பெயரோடு ஓர் எடுத்துக்காட்டு போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பதிப்பையும் பார்க்கவேண்டும். 'ஸ்விட்ச்', 'ரீஸ்டோர்' இரண்டும் 2019 ஆகஸ்டில் 2.23 பதிப்போடு வந்தவை. உபுண்டு 18.04 ஓடும் பழைய சேர்வரில் 2.17தான் இருக்கும், அங்கே பழைய 'செக்அவுட்' வழியைத்தான் எழுதவேண்டும்.

கிட்டின் சொந்த ஆவணத்தைத் திருத்தி அனுப்ப விரும்புகிறவர்களுக்கு: அது அஸ்கிடொக் என்ற எளிய உரை வடிவில், மூலநிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கிறது, திருத்தம் பேட்ச்சாக, அதாவது மாறிய வரிகளை மட்டும் காட்டும் உரையாக மின்னஞ்சலில் போகும், '-எஸ்' போட்டு ஒப்பமிட்ட கொமிட்டாக. கோணலாகத் தெரியும் வசனத்தைத் தொடுமுன் அதிலிருந்து நாலைந்து சொல்லை எடுத்து 'கிட் லொக் -எஸ்' என்று தேடுங்கள். இங்கே அது பெரிய எழுத்து எஸ். ஒப்பத்துக்குப் போடுவது சிறியது. அந்த வசனம் நுழைந்த கொமிட் கிடைக்கும். பல நேரம் அந்தக் கோணலுக்குக் காரணமும் கொமிட் செய்தியிலேயே இருக்கும். சொல்லை மாற்றும்போதே பந்தியின் வரிமடிப்பையும் சரிசெய்யாதீர்கள். ஒரு சொல் மாறியதற்கு ஒன்பது வரி சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தால் பரிசீலிக்கிறவருக்கு எது மாறியது என்றே பிடிபடாது. வரிமடிப்பு தவிர்க்க முடியாததென்றால் அதைத் தனிக் கொமிட்டாக வையுங்கள். அனுப்புமுன் 'கிட் டிஃப் --வேர்ட்-டிஃப்' ஓட்டிப் பாருங்கள். மாறிய சொல் மட்டும் தெரியும், தவறுதலாக விழுங்கிய ஒரு "இல்லை"யும் அதில் அகப்படும்.